பைட் பேக்: அடக்கிக்கொண்டானா, திருப்பிக் கொடுத்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பைட்’ என்றால் கடி. இது பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கும் தெரியும். அதன் வாலில் ‘பேக்’ என்ற குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டதும்தான் தலைவலி ஆரம்பிக்கிறது. தோளில் மாட்டும் பேக் அல்ல, ‘பின்னால்’, ‘திரும்ப’ என்று பொருள்படும் பேக். அகராதியைத் திறந்தால் ஒரு பொருள் ‘சொல்ல வந்ததைச் சொல்லாமல் அடக்கு’, இன்னொன்று ‘பதிலடி கொடு’. ஒன்றில் வாய் மூடுகிறது, மற்றதில் திறக்கிறது. ஆங்கில வசனங்களைத் தமிழாக்கும் வேலையில் இருப்பதால் இந்தச் சொல் என் மேசைக்கு அடிக்கடி வரும். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் எனக்கே வந்த சந்தேகங்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ஒரே சொல்லுக்கு எதிரெதிரான இரண்டு பொருள் எப்படி வந்தது?

காரணம் ‘பைட்’ இல்லை, ‘பேக்’. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு திசை உண்டு. வெளியே போகப் பார்ப்பதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது ஒரு திசை. ‘ஹோல்ட் பேக்’, ‘கீப் பேக்’ எல்லாம் இந்த வகை. நமக்கு வந்ததை வந்த வழியே திருப்பி அனுப்புவது இன்னொரு திசை. ‘கால் பேக்’, ‘பே பேக்’, ‘ஹிட் பேக்’ எல்லாம் இந்த வகை. ‘பைட் பேக்’ இரண்டு திசையிலும் போகும். அது மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. ‘ஃபைட் பேக்’கைப் பாருங்கள், கண்ணீரோடு வந்தால் அடக்குவது, எதிரியோடு வந்தால் எதிர்த்து நிற்பது.

தமிழில் இந்தக் குழப்பமே இல்லை, ஏனென்றால் நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனிக் கருவி இருக்கிறது. தன் பக்கம் இழுப்பதற்கு ‘கொள்’: அடக்கிக்கொண்டான், பிடித்துக்கொண்டான், கட்டுப்படுத்திக்கொண்டான். எதிராளி பக்கம் அனுப்புவதற்கு ‘திருப்பி’: திருப்பி அடித்தான், திருப்பிக் கேட்டான், திருப்பிக் கொடுத்தான். ஆங்கிலம் ‘பேக்’ என்ற ஒரே பெட்டியில் போட்டு வைத்திருப்பதை நாம் இரண்டு பெட்டியில் பிரித்து வைத்திருக்கிறோம். அதனால் ஆங்கில வாக்கியத்தைப் படிக்கும்போது, ‘இங்கே கொள் வருமா, திருப்பி வருமா?’ என்று மனதுக்குள் கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, வாக்கியத்தைப் பார்த்ததும் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எதைக் கடித்தான் என்று வாக்கியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹீ பிட் பேக் எ ரிப்ளை’ என்றால் அங்கே ‘ரிப்ளை’ இருக்கிறது. பதில் அவன் வாயிலேயே நின்றுவிட்டது. ‘வென் தே மாக்ட் ஹிம், ஹீ பிட் பேக்’ என்றால் அவனைக் கேலி செய்தார்கள், அவன் பதிலடி கொடுத்தான். கடிக்கப்பட்ட பொருள் என்று எதுவுமில்லை, வாக்கியம் ‘பேக்’கோடு நின்றுவிட்டது. இலக்கணத்தில் சொன்னால் செயப்படுபொருள் இருந்தால் அடக்குவது, இல்லாவிட்டால் தாக்குவது.

யாரைத் தாக்கினான் என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் ‘அட்’ வரும்: ‘ஷி பிட் பேக் அட் ஹெர் கிரிட்டிக்ஸ்’, தன்னை விமர்சித்தவர்களுக்குச் சூடாகப் பதில் கொடுத்தாள். ‘அட்’ கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம்.

எதையெல்லாம் ‘பைட் பேக்’ செய்யலாம்?

முதலில் வாய் வழியாக வெளியே வரக்கூடியவை: பதில், கேள்வி, கிண்டல், வசவு, சிரிப்பு, முனகல், விம்மல், அலறல். இவை எல்லாம் தாராளமாக வரும். சத்தமே இல்லாத புன்னகையும் வரும். ‘ஷி பிட் பேக் எ ஸ்மைல்’ என்ற வரி ஆங்கில நாவல்களில் அலுத்துப்போகும் அளவுக்கு வருகிறது. உதடு விரிய ஆரம்பிக்கிறது, ஓரத்தைப் பல்லால் பிடித்து நிறுத்துகிறாள். அந்தக் காட்சிதான் சொல்லுக்குள் இருக்கிறது.

கண்ணீர் கண் வழியாக வருவது, அதைப் பல்லால் எப்படித் தடுப்பது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் ஆங்கிலத்தில் கண்ணீரும் கோபமும் இந்தச் சொல்லோடு சகஜமாக வருகின்றன. அழுகையை அடக்கும்போது உண்மையில் என்ன செய்கிறோம் என்று கவனித்தால் புரியும்: கீழுதட்டைக் கடிக்கிறோம், தாடையை இறுக்குகிறோம், மூச்சைப் பிடிக்கிறோம். வேலை நடப்பது வாயில்தான்.

கொட்டாவியோடும் இது வரும். ஆனால் அதற்கு ‘ஸ்டைஃபிள்’ என்ற சொல்லும் உண்டு. பசி, தூக்கம் போன்றவற்றோடு ‘பைட் பேக்’ போடாதீர்கள்.

‘ஹோல்ட் பேக்’கும் இதுவும் ஒன்றுதானே?

கிட்டத்தட்ட. ஆனால் நேரக் கணக்கு வேறு. ‘ஹோல்ட் பேக்’ நாள் கணக்கில்கூட நீளலாம். ஒரு தகவலை ஒரு வாரம் ‘ஹோல்ட் பேக்’ செய்யலாம். ‘பைட் பேக்’ ஒரு நொடி வேலை. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது, பல் சட்டென்று மூடியது. அந்தக் கடைசி நொடி இல்லாத இடத்தில் இந்தச் சொல்லை வைத்தால் பொருந்தாது. ஒரு வாரம் யோசித்து ஒரு மின்னஞ்சலை அனுப்பாமல் விட்டதற்கு ‘பைட் பேக்’ சொல்ல மாட்டார்கள்.

நாக்கைக் கடித்துக்கொள்வது என்று நாம் சொல்வதும் இதுதானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பவராக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஆங்கிலத்தில் ‘பைட் யுவர் டங்’ என்றொரு மரபுத்தொடர் உண்டு. சொல்லாமல் இரு, வாயைக் கட்டு என்று பொருள். ‘ஐ பிட் மை டங்’ என்றால் நான் ஒன்றும் சொல்லவில்லை, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன். பேசுவதற்கு முன்னால் நடக்கிற கடி அது.

தமிழில் ‘அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்’ என்றால்? சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் உறைத்தது, ‘ஐயையோ’ என்று நாக்கைக் கடித்தாள். ரகசியம் வெளியே வந்துவிட்டது, விருந்தாளியின் காதில் விழுந்தும் விட்டது. இது பேசியதற்குப் பின்னால் நடக்கிற கடி. சொற்கள் அச்சாக ஒன்று, உடலில் நடப்பதும் ஒன்று, காலம் மட்டும் தலைகீழ். ஆங்கிலக்காரர் பேசாததற்குக் கடிக்கிறார், நாம் பேசிவிட்டதற்குக் கடிக்கிறோம்.

இதனால்தான் ‘ஐ பிட் மை டங்’ என்ற வரியை ‘நாக்கைக் கடித்துக்கொண்டேன்’ என்று அப்படியே தமிழில் போட்டால், பேசாமல் இருந்த பாத்திரம் உளறிவிட்ட பாத்திரமாக மாறிவிடுகிறது. படிப்பவருக்குத் தவறு நடந்ததே தெரியாது. வாக்கியம் நல்ல தமிழாகவே இருக்கும், கதைதான் மாறியிருக்கும். பிழைகளிலேயே மோசமான பிழை இந்த வகைதான் என்பேன். தமிழ் கரடுமுரடாக இருந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள், இதை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

பல்லைக் கடிப்பது?

அதிலும் இரண்டு இருக்கிறது. ‘பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்’ என்றால் சகித்தல். ஆங்கிலத்தில் ‘கிரிட் யுவர் டீத்’, அல்லது வேண்டாத ஒன்றைத் துணிந்து ஏற்பதானால் ‘பைட் தி புல்லட்’. ‘பல்லை நறநறவென்று கடித்தான்’ என்றால் கோபம். இரண்டுமே ‘பைட் பேக்’ இல்லை. ‘உதட்டைக் கடித்துக்கொண்டாள்’ என்பதுதான் அதற்கு மிக அருகில் வருகிறது, முக்கியமாக அழுகையும் சிரிப்பும் வரும் இடங்களில்.

நீங்கள் இதில் தவறு செய்ததே இல்லையா?

செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தொடரின் வசன வரிகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தன் தோழியிடம் சொல்கிறாள்: மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டினார், ‘ஐ ஹேட் டு பைட் பேக் எ ஃப்யூ சாய்ஸ் வேர்ட்ஸ்’. இரவு நெடுநேரம் ஆகியிருந்தது, திரையில் அந்த வரிக்கு மூன்று நொடிக்கு மேல் இல்லை. ‘சில தேர்ந்தெடுத்த வார்த்தைகளால் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று’ என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

இரண்டு தவறு. ‘சாய்ஸ் வேர்ட்ஸ்’ என்றால் பொறுக்கி எடுத்த முத்துக்கள் இல்லை, கெட்ட வார்த்தைகளுக்கு ஒரு நாகரிகமான பெயர். அவள் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வாயில் வந்த வசவுகளை அடக்கிக்கொண்டு நின்றாள். இரண்டு காட்சி தள்ளி அதே மேலாளர் அவளிடம், ‘நீ ஏன் அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை?’ என்று கேட்கிறார். என் தமிழைப் படித்தவர்களுக்கு அந்த இடத்தில் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது. நல்லவேளை, சரிபார்த்தவர் பிடித்தார். ஓரத்தில் ‘இவள் பேசினாளா, பேசலையா?’ என்று மட்டும் எழுதியிருந்தார். கடைசியில் போனது: ‘வாயில நல்லா வந்துச்சு, முழுங்கிட்டேன்.’

‘வாயில நல்லா வருது’ என்று தமிழில் சொன்னால் வருவது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘சாய்ஸ் வேர்ட்ஸ்’ என்பதில் இருக்கும் அதே குறும்பு அதிலும் இருக்கிறது.

அப்படியானால் தமிழில் இதை எப்படி எழுதுவது நல்லது?

என்ன அடக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து. பேச்சு என்றால் விழுங்குவது: ‘வாய் வரை வந்த பதிலை விழுங்கினான்.’ சிரிப்பு, அழுகை, கோபம் என்றால் ‘அடக்கிக்கொண்டாள்’. புன்னகைக்கு ‘மறைத்துக்கொண்டாள்’ கூடச் சில இடங்களில் பொருந்தும். பதிலடிப் பொருளில் ‘திருப்பிக் கொடுத்தான்’, ‘பதிலடி கொடுத்தான்’, ‘எகிறினான்’. தொனியைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

‘மென்று விழுங்கினான்’ வேண்டாம். அது சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் இழுப்பது. ‘வாயடைத்துப் போனான்’ என்பதும் வேண்டாம். வாயடைத்தவனிடம் சொல்ல ஒன்றுமில்லை. ‘பைட் பேக்’ செய்தவனிடம் சொல்ல நிறைய இருக்கிறது, சொல்லவில்லை, அவ்வளவுதான். ‘கடிந்துகொண்டான்’ என்பதில் கடி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது வேறு வினை. கடித்தல் பல்லால் செய்வது, கடிதல் கண்டிப்பது. கடித்தான், கடிந்தான் என்று இறந்தகாலத்திலேயே பிரிந்துவிடும்.

‘இட்’ வந்தால் எங்கே வைக்க வேண்டும்?

நடுவில். ‘ஐ பிட் இட் பேக்’ சரி, ‘ஐ பிட் பேக் இட்’ தவறு. ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர்கள் வந்தால் இதில் விலக்கே இல்லை. பெயர்ச்சொல்லானால் இரண்டு பக்கமும் வைக்கலாம்: ‘பிட் பேக் தி வேர்ட்ஸ்’, ‘பிட் தி வேர்ட்ஸ் பேக்’. முதலாவதுதான் அதிகம் காதில் விழும். அடக்கப்படுவது நீளமான தொடராக இருந்தால் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ‘பேக்’ வந்து சேர்வதற்குள் கேட்பவர் ‘பிட்’டை மறந்துவிடுவார்.

நம்மவர்கள் அடிக்கடி செய்யும் இன்னொரு பிழை, ‘ஐ பிட் பேக் ஃப்ரம் சேயிங்’. ‘சொல்வதிலிருந்து தடுத்துக்கொண்டேன்’ என்ற நினைப்பில் வருவது. அப்படிக் கிடையாது. ‘ஸ்டாப்ட் மைசெல்ஃப் ஃப்ரம் சேயிங்’ என்று சொல்லுங்கள்.

இறந்தகாலம் ‘பைட்டட்’ வராதா?

வராது. பைட், பிட், பிட்டன். அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பேசும்போது ‘பேக்’ மேல்தான் பொதுவாக அழுத்தம் விழும்.

துண்டு என்று பொருள்படும் ‘பிட்’டும் இதே குடும்பம்தான், கடித்தெடுத்த அளவு. வண்டைக் குறிக்கும் ‘பீட்டில்’கூடப் பழைய ஆங்கிலத்தில் ‘கடிப்பது’ என்ற பொருளில் பிறந்த பெயர். கணினியின் ‘பிட்’ வேறு வழியில் வந்தது. பைனரி டிஜிட் என்பதன் சுருக்கம் அது. கிளாட் ஷானன் 1948-இல் தன் கட்டுரையில் அதைப் பயன்படுத்தி, ஜான் டூக்கி சொன்ன பெயர் என்று குறிப்பிட்டார். பிறகு 1956-இல் ஐபிஎம்மில் வெர்னர் புக்ஹோல்ஸ் ‘பைட்’ என்ற அளவைக்கு அந்தப் பெயரை வைத்தபோது, கடிப்பதற்கான சொல்லையே எடுத்து எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினார். ‘பிட்’டோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. தமிழ் எழுத்தில் இரண்டும் ‘பைட்’ என்றே வந்து நிற்பது அவர் எதிர்பார்க்காத குழப்பம்.

‘பேக்பைட்’ என்பது இதையே திருப்பிப் போட்டதா?

இல்லவே இல்லை. ‘பேக்பைட்’ என்றால் ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றித் தாழ்வாகப் பேசுவது. இதற்குத் தமிழ் அழகாகக் கைகொடுக்கிறது: புறங்கூறுதல். புறம் என்றாலும் பின்பக்கம், ‘பேக்’ என்றாலும் பின்பக்கம். ‘பைட் பேக்’ செய்கிறவர் நேருக்கு நேர் நின்று ஒன்று அடக்குகிறார் அல்லது பதில் கொடுக்கிறார். ‘பேக்பைட்’ செய்கிறவர் முதுகுக்குப் பின்னால் வேலையைக் காட்டுகிறார். தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதினால் மதிப்பெண் போகும். அலுவலகத்தில் ‘ஐ பேக்பிட்’ என்று சொன்னால் மானமும் போகும்.

பதிலடிப் பொருளில் ‘ஹிட் பேக்’, ‘ஸ்ட்ரைக் பேக்’ எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

சொல்லுக்குள் ஒரு பிராணி இருக்கிறது, அதற்காக. அடிக்கக் கை வேண்டும், கடிக்க வாய் போதும். சீண்டிச் சீண்டி, இதற்கு மேல் முடியாது என்ற கட்டத்தில் திரும்பியவரைச் சொல்லும்போது ‘பைட் பேக்’ நன்றாக அமர்கிறது. இவ்வளவு நாள் வாய் திறக்காதவர், எளிய இலக்கு என்று நினைக்கப்பட்டவர், தோற்றுக்கொண்டிருந்த அணி. பெரிய படையின் தாக்குதலுக்கு ‘ஸ்ட்ரைக் பேக்’. நாளிதழ்த் தலைப்புக்கு ‘ஹிட் பேக்’ சளைக்காமல் உழைக்கும். இது என் காதுக்குப் படும் வித்தியாசம், இலக்கண விதி இல்லை.

உயிரில்லாதவையும் கடிக்கும். இயற்கையைச் சீண்டினோம், ‘நேச்சர் பிட் பேக்’ என்று எழுதுவார்கள்.

‘கம் பேக் டு பைட்’ என்பதும் இதுதானா?

அது வேறு. அன்றைக்குச் செய்த ஒரு காரியம் பின்னாளில் நம்மையே வந்து தாக்குவது. ‘செய்த வினை திரும்பி வந்தது’ என்போமே, அது. அங்கே ‘பேக்’ சேர்ந்திருப்பது ‘கம்’மோடு, ‘பைட்’டோடு அல்ல.

‘பைட் ஆஃப்’, ‘பைட் அவுட்’, ‘பைட் இன்டு’ பற்றியும் சொல்லுங்களேன்.

‘பைட் ஆஃப்’ நேரடியாகக் கடித்துத் துண்டாக்குவது. மெல்ல முடிந்ததைவிடப் பெரிதாக ‘பைட் ஆஃப்’ செய்தான் என்றால் நம் ‘அகலக்கால் வைத்தான்’. ஒருவரின் தலையை ‘பைட் ஆஃப்’ செய்தால் கொலை இல்லை, சும்மா கேட்டதற்கு வள்ளென்று விழுந்தார் என்று அர்த்தம். வாக்கியத்தின் மீதியை ‘பைட் ஆஃப்’ செய்தால் பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டார்.

‘பைட் அவுட்’ கதைகளில்தான் அதிகம். ‘ஃபைன்’ என்று ‘ஷி பிட் அவுட்’: பல்லை இறுக்கிக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையை வெடுக்கென்று வெளியே தள்ளினாள். ‘பைட் பேக்’கில் வார்த்தை உள்ளே நிற்கிறது, இதில் கடிபட்டு வெளியே வருகிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் கவனமாகப் படியுங்கள்.

‘பைட் இன்டு’ அழுந்துவது, குறைப்பது. பையின் வார் தோளில் ‘பைட் இன்டு’ செய்யும், எதிர்பாராத செலவு சேமிப்பில் ‘பைட் இன்டு’ செய்யும். தமிழில் முதலாவது ‘அறுக்கிறது’, இரண்டாவது ‘சேமிப்பைக் கரைக்கிறது’.

பேசும்போது பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆனால் அடக்குவது என்ற பொருளில் இது எழுத்தில்தான், அதிலும் கதை சொல்லும் எழுத்தில்தான் அதிகம் புழங்குகிறது. நண்பரிடம் பேசும்போது ‘ஐ பிட் மை டங்’ அல்லது ‘ஐ நியர்லி செட் சம்திங்’ இயல்பாக வரும். அலுவலக மின்னஞ்சலில் ‘நான் என் கோபத்தை பைட் பேக் செய்தேன்’ என்று எழுதினால், அடக்கிய கோபம் அங்கேயே தெரிந்துவிடும்.

நாய் கடித்தது, பையனும் பதிலுக்கு நாயைக் கடித்தான். இங்கேயும் இதே சொல்தானா?

ஆமாம், இங்கே உவமையெல்லாம் இல்லை, நிஜக் கடி. ‘தி பாய் பிட் தி டாக் பேக்’ என்று கடிபட்டவர் நடுவில் வருவார். இடம் மாற்றி ‘பிட் பேக் தி டாக்’ என்று எழுதினால், வாய்க்குள்ளிருந்து வெளியே வரப் பார்த்த நாயைப் பையன் அடக்கிக்கொண்டது போல ஒரு வாடை அடிக்கும்.